சிறுமுகையிலிருந்து மலை ஏறிய பாதை
(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



ஈரோட்டிலிருந்து உதகைக்குப் போகும் சாலைக்கு மாநில நெடுஞ்சாலைப் பட்டியலில் 15ஆம் எண். ஈரோட்டில் மஞ்சள், கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை, கோபியில் நெல்லும் வாழையும், சத்தியமங்கலத்தில் மல்லிகை, சிறுமுகையில் பட்டுத்தறி என்று ஊருக்கு ஒரு சரக்கைத் தொட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் சேரும். பிறகு மலை ஏறும். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் இன்று சொல்ல வந்தது மலைப்பகுதியின் கதை.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒற்றையடிப் பாதைகள்தான். படகர்கள் ராகியும் சாமையும் விதைத்தார்கள். கலப்பைக் கொழு கோத்தர் பட்டறையிலிருந்து வரும். அதற்குத் தானியம் கொடுப்பார்கள். கூடுதலாக விளைவித்து என்ன செய்வது? தலைச்சுமையாக எவ்வளவுதான் இறக்க முடியும், சொல்லுங்க!

1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்து, அந்தக் குளிரைக் கண்டு அங்கேயே பங்களா கட்டினார். சிறுமுகையிலிருந்து பாதை போடும் வேலையை லெப்டினன்ட் மெக்ஃபர்சன் 1821இல் தொடங்கி 1823இல் முடித்தார். பொதிமாடும் குதிரையும் ஏறின. சல்லிவன் உருளைக்கிழங்கும் சீமைக் காய்கறிகளும் பயிரிட்டது துரைமார் சாப்பாட்டுக்காகத்தான். ஆனால் விற்க வழி இருக்கிறது என்று தெரிந்ததும் நம் குடியானவன் சும்மா இருப்பானா?

1832இல் குன்னூர் வழியாக வேறு பாதை வந்தது. போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது. ரயிலும் அந்த வழியிலேயே 1899இல் குன்னூருக்கும், 1908இல் உதகைக்கும் ஏறியது. முதலில் பாதை கண்ட கோத்தகிரி பின்தங்கிவிட்டது. பிற்பாடு வண்டிச் சாலையும் லாரியும் வந்த பிறகுதான், மேட்டுப்பாளையம் மண்டி அதற்கு மறுபடி பக்கமானது. ராகி போட்ட சரிவெல்லாம் உருளைக்கிழங்கும் தேயிலையுமாக மாறியது அப்படித்தான்.

சாலையில் சரக்கு மட்டுமா போகிறது? 1961இல் உதகை அருகே உருளை வேரில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டைக்கூடு கடுகைவிடச் சிறியது. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. பயிர் இல்லாவிட்டாலும் மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உருளை வேரின் கசிவு பட்டால்தான் பெரும்பாலும் விழிக்கும். புழு தானாக நகர்ந்து போகும் தூரம் மிகக் குறைவு. விதைக்கிழங்கில் ஒட்டிய மண், சாக்கு, மண்வெட்டி, செருப்பு, லாரிச் சக்கரம் இவற்றில்தான் அது ஊர் விட்டு ஊர் போகிறது. அதனால்தான் 1971இல் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை போட்டார்கள். விதை வியாபாரம் செய்தவர்களுக்கு அது பெரிய அடி. நியாயமான வருத்தம்தான், ஆனால் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு இனப் புழுவையும் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் 1985இல் வந்தது. ஆனாலும் ஒரே வயலில் வருஷா வருஷம் உருளையே போடாதீங்க. மூன்று நான்கு வருஷம் முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் என்று மாற்றுங்க. கிழங்கு ஏற்றிப்போன சாக்கு காலியாகத் திரும்பி வந்தால், அது எந்த வயலைத் தொட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? விதைக்கிழங்குக்கு மட்டுமாவது புதுச் சாக்கு வாங்குங்க.