பெருங்குளத்தைக் காத்தவர்கள்

வீட்டில் நீச்சல் குளம் கட்டுவோருக்குக் கட்டுமானச் செலவு ஒருமுறைதான். குளோரின், வடிகட்டி, மின்சாரம், பராமரிப்பாளர் ஊதியம் ஆகியவை மாதந்தோறும் தொடர்கின்றன. இச்சுமை புதிதன்று.

சிந்துவெளியின் மொகஞ்சதாரோவிலுள்ள பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. அதை விளிம்புவரை நிரப்ப ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். நீர் கசியாதிருக்கச் செங்கற்களை ஜிப்சம் சாந்திட்டு இணைத்து, சுவருக்குப் பின்னே நிலக்கீல் பூசினர். அருகறையில் கிணறு அமைத்தனர். பழைய நீர் வெளியேற வடிகாலும் கட்டினர்.

நீர் இறைத்தவர் யார்? பாசி அகற்றியவர் யார்? அவர்தம் கூலி என்ன? சிந்து எழுத்துகள் இன்னும் வாசிக்கப்படாத நிலையில் இவ்வினாக்களுக்கு எழுத்துச் சான்று இல்லை. கட்டியவரின் திறனை வியக்கும் வரலாற்றெழுத்து, காத்தவரின் உழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவ்வுழைப்புக்கு எஞ்சியுள்ள சான்றுகள் அந்தக் கிணறும் வடிகாலுமே.