காற்றில் ஒரு சிறுபத்திரிகை

ஓர் ஏகாதிபத்திய அரசு சிறுபத்திரிகை நடத்தியதுண்டு. 1942 ஆகஸ்ட் 11 அன்று, லண்டனிலிருந்து பி.பி.சி.யின் கீழைநாட்டுப் பிரிவு ‘வாய்ஸ்’ என்ற பத்திரிகையின் முதல் இதழை இந்தியாவை நோக்கி ஒலிபரப்பிற்று. காகிதமில்லை, அச்சில்லை. மாதத்துக்கொரு முறை சில எழுத்தாளர்கள் மைக்கைச் சுற்றி உட்கார்ந்து கவிதை வாசித்தார்கள், விவாதித்தார்கள். தயாரித்தவர் ஜார்ஜ் ஆர்வெல். ஆறு இதழ்களுடன் டிசம்பரில் நின்றுபோயிற்று. நமக்குப் பழக்கமான ஆயுள்தான்.

தேதியைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் 8-ல் பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம். மறுநாள் விடியற்காலையில் காந்தி கைது. அதற்கு இரண்டு நாள் கழித்து லண்டன் நமக்குக் கவிதை அனுப்புகிறது.

காரணம் இலக்கியமல்ல. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்திருந்தது. பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் குரல் வானொலியில் வரத் தொடங்கியிருந்தது. படித்த இந்தியர்கள் அந்தப் பக்கம் காது கொடுத்துவிடக் கூடாதென்பது பிரிட்டிஷாரின் கவலை. அயல்நாட்டு ஒலிபரப்புக்கான பணம் அரசுடையது. வாசிக்கப்போகும் ஒவ்வொரு வரியும் முன்கூட்டியே தணிக்கைக்குப் போயிற்று. பர்மாவில் போலீஸ் அதிகாரியாயிருந்து, ஏகாதிபத்தியத்தை வெறுத்து வேலையை உதறியவர் ஆர்வெல். 1941 ஆகஸ்டில் இந்த வேலைக்கு அவர் வந்தது, ஹிட்லர் வென்றால் நிலைமை இன்னும் மோசமாகும் என்ற நியாயத்தில். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை.

‘வாய்ஸ்’ ஒலிப்பதிவின்போது எடுத்த புகைப்படம் ஒன்றுண்டு. டி. எஸ். எலியட், வில்லியம் எம்ப்ஸன், முல்க் ராஜ் ஆனந்த், ஜமைக்கக் கவிஞர் யூனா மார்ஸன், ‘பொயட்ரி லண்டன்’ நடத்திய இலங்கைத் தமிழர் தம்பிமுத்து எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி. வெகுகாலம் இதை நான் ஒரு வெற்றியாகவே பார்த்துவந்தேன்: ஏகாதிபத்தியத்தின் செலவில் கவிதை தன் வேலையைச் செய்துகொண்டுவிட்டது என்று. ஆர்வெலே எழுதிய இரண்டு விஷயங்கள் அந்த எண்ணத்தைக் குலைத்தன.

முதலாவது, ‘கவிதையும் மைக்கும்’ என்ற பொருளில் தலைப்பிட்ட அவருடைய கட்டுரை. இந்தியக் கல்லூரி மாணவர்கள் விரோத மனப்பான்மை கொண்ட சிறு கூட்டம். பிரிட்டிஷ் பிரசாரம் என்று தெரிந்தால் கிட்ட வரமாட்டார்கள். கேட்பவர்கள் சில ஆயிரத்தைத் தாண்டமாட்டார்கள், ஆகவே கனமான இலக்கியத்தை வைக்கச் சௌகரியமாயிருந்தது என்கிறார். இரண்டாவது, 1942 அக்டோபரில் அவர் மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பு. ஆர்வெல் என்ற பெயரில் பேசினால், ஏகாதிபத்திய எதிர்ப்புப் புத்தகங்களால் இந்தியாவில் கிடைத்த மதிப்பைத்தான் விற்கிறேன். அரசை அப்படியே ஆதரித்தால் அந்த மதிப்பு போய்விடும் என்கிறார். அதன்பின் செய்தி விமர்சனங்களைத் தம் பெயரிலேயே வாசித்தார்.

அரசு விலைக்கு வாங்கியது அவருடைய சம்மதத்தையல்ல, எதிர்ப்பை. 1943 செப்டம்பரில் ராஜினாமா செய்கையில், தாம் நம்பாத எதையும் சொல்லும்படி நிர்ப்பந்திக்கப்படவில்லை என்றார். கூடவே, இன்றைய நிலையில் இந்தியாவுக்கு இந்தப் பிரசாரம் பயனற்றது, பொதுப்பணம் வீண் என்றார். அந்த மாதங்களில் கல்கத்தா தெருக்களில் ஜனங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு: முந்நூறு பேருக்காக எழுதுகிறோம், ஆகவே யாருக்கும் விலைபோகவில்லை என்று. ‘வாய்ஸ்’ இதை நிரூபிக்கவில்லை. கேட்பவர்கள் சிலரே என்பதால்தான் அங்கே சுதந்திரம் தரப்பட்டது. அந்தச் சுதந்திரமே பிரசாரத்தின் வேலையையும் செய்தது. என்ன சொல்ல விடவில்லை என்பதை மட்டும் விசாரித்தால் இது பிடிபடாது. எதற்காகச் சொல்லவிட்டார்கள் என்றும் விசாரிக்க வேண்டும்.

வேலையை விட்டதும் ஆர்வெல் ‘விலங்குப் பண்ணை’ எழுதினார். அதே மைக்கின் முன் உட்கார்ந்த எலியட், 1944-ல் ஒரு பதிப்பகத்தின் சார்பில் அதை நிராகரித்தார். ஆர்வெல் 1950-ல் இறந்தார். 1954-ல் அந்தக் கதை கார்ட்டூன் படமாக வந்தது. பணம் போட்டது சி.ஐ.ஏ. இந்த முறை அவரிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.