திருத்துவோர் பிழைவிட்டால்

எமது கல்லூரியின் நூறாண்டு வரலாற்றைப் பரீட்சைகளின் வரலாறாகவும் எழுதலாம். தொடக்ககால மாணவிகள் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சைக்குத் தோற்றிய நாளில், விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. பெறுபேறு மட்டுமே திரும்பி வந்தது. பின்னர் பரீட்சைகள் நம் நாட்டிலேயே நடத்தப்பட்டன. பிழைகளும் நம்முடையவை ஆயின.

1970இல், தமிழ்மொழிமூலப் பரீட்சகர்கள் புள்ளிகளை அள்ளி வழங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது மெய்ப்பிக்கப்படவே இல்லை. ஐயம் இருந்தால் விடைத்தாளை மீளத் திருத்துவதே முறை. ஆனால் 1971ஆம் ஆண்டு அனுமதியில், மருத்துவத்துக்குச் சிங்களமொழிமூல மாணவருக்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழ்மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டது. இந்த இடைவெளிக்குள் கனவு கலைந்த அக்காமார் பலர் இம்மலரை வாசிப்பார்கள்.

2011ஆம் ஆண்டு உயர்தரப் பெறுபேற்றில் நடந்தது வேறுவகைப் பிழை. அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் மாணவர் தோற்றினர். ஒருவரின் புள்ளி தம் குழுவின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் காட்டுவதே இசட் புள்ளி. வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையளித்த இரு குழுக்களையும் ஒன்றாகச் சேர்த்தே அதைக் கணித்தார்கள். ஒரு வயதுக் குழந்தையின் நாடித்துடிப்பையும் முதியவரின் நாடித்துடிப்பையும் கூட்டிச் சராசரி எடுத்து, இருவரையும் அதனோடு ஒப்பிடுவது போன்றது இது. கணிதத்தில் பிசகில்லை, மருத்துவம் பிழைத்துவிடும். மாவட்ட நிலைகளிலும் தவறுகள் வெளிப்பட்டன. பிள்ளைகள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2012 யூனில் அக்கணிப்பு செல்லாதென்று தீர்ப்பாகி, இரு குழுக்களுக்கும் தனித்தனியே கணிக்கப்பட்டது. நீதி கிடைத்தது. ஆனால் பெறுபேறு வந்து ஆறு மாதங்கள் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை அந்தரத்தில் நின்றது.

2024இல் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் வினாக்கள் மூன்று முன்கூட்டியே கசிந்தன. அவ்வழக்கும் உயர் நீதிமன்றம் வரை சென்றது; முடிவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மூன்றுக்கும் முழுப்புள்ளி வழங்கப்பட்டது. வேறு வழி எளிதல்ல. எனினும் நேர்மையாகச் சரியான விடை எழுதிய பத்து வயதுப் பிள்ளையின் உழைப்பு அங்கே கணக்கில் வராமற் போயிற்று. பிழையான வினாவுக்கு எல்லாருக்கும் புள்ளி கொடுக்கும்போதும் நேர்வது இதுவே.

பிழை நேராத பரீட்சை இல்லை. பிழையைக் கேட்க ஒரு வாசலும், அதைக் காலந்தாழ்த்தாமல் ஒப்புக்கொள்ளும் மனமும் வேண்டும்.

அதை நான் முதலில் கண்டது நம் வகுப்பறையில்தான். தவணைப் பரீட்சைத் தாள்களைத் தந்ததும், "கூட்டிப் பாருங்கோ பிள்ளைகள், நானும் பிழைவிடுவன்" என்பார் எங்கள் கணித ஆசிரியை. கூட்டல் தவறியிருந்தால், எல்லார் முன்னிலையிலும் புள்ளிப் பதிவேட்டில் வெட்டித் திருத்தித் தம் கையொப்பம் இடுவார். அதனால் அவர்மீது எங்களுக்கிருந்த மதிப்பு ஒருநாளும் குறையவில்லை.