பேப்பர்கிளிப் நடவடிக்கை

பேப்பர்கிளிப் நடவடிக்கை என்பது இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜெர்மனியின் அறிவியலாளர்களையும் பொறியியலாளர்களையும் ஐக்கிய அமெரிக்கா இரகசியமாகத் தன் நாட்டுக்குக் கொண்டுசென்று பணியில் அமர்த்திய திட்டமாகும். 1945 முதல் 1959 வரை 1,600க்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தின் கீழ் அழைத்துச் செல்லப்பட்டனர். இவர்களுள் பலர் நாசிக் கட்சியின் உறுப்பினராக இருந்தவர்கள். சிலர் அடிமை உழைப்புடனும் மனிதர்கள் மீது நடத்தப்பட்ட சோதனைகளுடனும் தொடர்புபடுத்தப்பட்டவர்கள். எதிரி நாட்டு அறிவியலாளரின் திறமைக்காக அவருடைய கடந்தகாலக் குற்றங்களை ஓர் அரசு மறைக்கலாமா என்ற அறவியல் விவாதத்தில் இத்திட்டமே முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பின்னணி

போரின் இறுதிக் கட்டத்தில் ஏவூர்தி, தாரை வானூர்தி, வேதியியல் ஆயுதம் ஆகிய துறைகளில் ஜெர்மனி மற்ற நாடுகளைவிட முன்னேறியிருந்தது. குறிப்பாக, 1944 செப்டம்பரில் முதன்முதலாகத் தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்ட வி-2 ஏவுகணையைத் தடுக்கும் வழி நேச நாடுகளிடம் இருக்கவில்லை. பிரித்தானியாவில் மட்டும் 2,500க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இதனால் உயிரிழந்தனர்.

பால்டிக் கடற்கரையிலுள்ள பேனமுண்டே ஆய்வு நிலையம் 1943 ஆகத்தில் பிரித்தானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அதன்பின் வி-2 தயாரிப்பு, நோர்ட்ஹவுசன் நகருக்கு அருகே மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட மிட்டல்வெர்க் என்னும் நிலத்தடித் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டது. இதற்கான வேலையாட்கள் மிட்டல்பாவ்-டோரா வதை முகாமிலிருந்து பெறப்பட்டனர். அம்முகாமில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 60,000 கைதிகளுள் சுமார் 20,000 பேர் பட்டினி, நோய், அடி, தூக்கு ஆகியவற்றால் மாண்டனர். வி-2 தாக்கி இறந்தவர்களைவிட அதைத் தயாரிக்கும் பணியில் இறந்தவர்களே அதிகம் என வரலாற்றாய்வாளர்கள் கூறுகின்றனர்.

திட்டத்தின் தொடக்கமும் பெயரும்

1945 சூலையில் இத்திட்டம் ஓவர்காஸ்ட் நடவடிக்கை என்ற பெயரில் தொடங்கியது. ஜெர்மானிய அறிவியலாளர்களைச் சிறிது காலம் விசாரித்து, அவர்களுடைய அறிவைப் பெற்றுக்கொண்டு திருப்பி அனுப்புவதே அப்போதைய நோக்கம். சோவியத் ஒன்றியத்துடனான உறவு சீர்கெட்டதும் நோக்கம் மாறியது. வேண்டியவர்களின் கோப்புகளில் அடையாளமாகக் காகிதக் கவ்வி செருகப்பட்டதால் பேப்பர்கிளிப் என்னும் பெயர் ஏற்பட்டது.

1946 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் விரிவாக்கப்பட்ட திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். நாசிக் கட்சியில் பெயரளவுக்கு மேலாகப் பங்காற்றியவர்களும் நாசி இராணுவவாதத்தைத் தீவிரமாக ஆதரித்தவர்களும் சேர்க்கப்படக்கூடாது என்பது அவ்வாணையின் நிபந்தனை. ஆனால் இராணுவம் விரும்பிய பலர் இந்நிபந்தனையின்படி தகுதியற்றவர்களாக இருந்தனர். எனவே, திட்டத்தை நடத்திய கூட்டு உளவுக் குறிக்கோள் முகமை, பாதகமான அறிக்கைகளைத் திருத்தி எழுதச் செய்தது. வெளியுறவுத் துறையின் சார்பில் இதில் இடம்பெற்ற சாமுவேல் கிளாஸ் போன்றவர்களின் எதிர்ப்பு பலனளிக்கவில்லை.

பின்னர், அறிவியலாளர்கள் டெக்சாசிலிருந்து எல்லை கடந்து மெக்சிக்கோவின் சியுடாட் ஹுவாரெசுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு நுழைவுரிமை பெற்றுத் திரும்பியதன் மூலம் அவர்கள் சட்டப்படி குடியேறியவர்களாயினர்.

குறிப்பிடத்தக்கவர்கள்

வெர்னர் வான் பிரவுன்: வி-2 ஏவுகணையின் தலைமை வடிவமைப்பாளர். 1937 இல் நாசிக் கட்சியிலும் 1940 இல் எஸ்எஸ் அமைப்பிலும் சேர்ந்தார். 1944 மார்ச்சில் கெசுட்டாப்போ காவல்துறை இவரைச் சில நாட்கள் சிறைவைத்தது. ஆயினும், அதே ஆண்டு ஆகத்தில் இவர் எழுதிய கடிதமொன்று, புக்கன்வால்ட் முகாமுக்குச் சென்று தேர்ச்சி பெற்ற கைதிகளை வேலைக்குத் தேர்ந்தெடுத்ததைக் காட்டுகிறது. 1955 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1969 இல் மனிதனை நிலவுக்குக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ஏவூர்தி இவர் தலைமையில் உருவாக்கப்பட்டது. 1977 இல் காலமானார்.

ஆர்தர் ருடோல்ஃப்: மிட்டல்வெர்க் தொழிற்சாலையில் உற்பத்திப் பொறுப்பில் இருந்தவர். பின்னர் சாட்டர்ன் 5 திட்ட மேலாளராகப் பணியாற்றினார். அமெரிக்க நீதித்துறையின் சிறப்பு விசாரணைப் பிரிவு இவருடைய கடந்தகாலத்தை விசாரித்தது. அதையடுத்து 1984 இல் நாட்டைவிட்டு வெளியேறி, குடியுரிமையைத் துறந்தார். மேற்கு ஜெர்மனி இவர்மீது வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என முடிவு செய்தது.

ஹுபெர்ட்டஸ் ஸ்ட்ரக்ஹோல்ட்: விண்வெளி மருத்துவத்தின் தந்தை என அழைக்கப்பட்டவர். டாக்கவ் முகாமில் கைதிகளைக் குளிர்நீரில் அமிழ்த்தி நடத்தப்பட்ட சோதனைகளின் முடிவுகள் விளக்கப்பட்ட 1942 மாநாட்டில் கலந்துகொண்டார். இவர் பெயரில் வழங்கப்பட்ட விருது 2013 இல் கைவிடப்பட்டது.

பிற நாடுகளின் செயற்பாடுகள்

சோவியத் ஒன்றியம் 1946 அக்டோபர் 22 அன்று ஒசோவியாக்கிம் நடவடிக்கை மூலம் 2,000க்கும் மேற்பட்ட ஜெர்மானிய வல்லுநர்களை, குடும்பத்தினருடன் தொடர்வண்டிகளில் ஏற்றிக் கொண்டுசென்றது. இவர்களுள் பெரும்பாலோருக்குத் தெரிவு செய்யும் உரிமை அளிக்கப்படவில்லை. பிரித்தானியாவும் பிரான்சும் தமக்கு வேண்டியவர்களைப் பணியமர்த்தின. போர் விமான வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் முதலில் அர்சென்டீனாவிலும் பின்னர் இந்தியாவிலும் பணியாற்றினார். பெங்களூரில் இவர் வடிவமைத்த எச்எஃப்-24 மாருத் விமானம் 1961 இல் முதன்முதலாகப் பறந்தது.

ஜப்பானிய இராணுவத்தின் 731ஆம் பிரிவு இவ்விவாதத்தில் தனியிடம் பெறுகிறது. சீனாவின் ஹார்பின் நகருக்கு அருகே இயங்கிய இப்பிரிவு, உயிரியல் ஆயுத ஆய்வுக்காக உயிருள்ள மனிதர்களுக்கு நோய்க்கிருமிகளைச் செலுத்தியும் மயக்க மருந்தின்றி அறுத்தும் குறைந்தது 3,000 பேரைக் கொன்றது. சோதனைக் குறிப்புகளுக்கு ஈடாக, அதன் தலைவர் ஷிரோ இஷீ உள்ளிட்டோரை அமெரிக்கா வழக்கிலிருந்து விடுவித்தது. இஷீ தண்டனை எதுவுமின்றி 1959 இல் இறந்தார். சோவியத் ஒன்றியம் 1949 டிசம்பரில் கபரோவ்ஸ்க் நகரில் 12 ஜப்பானியரை இது தொடர்பாக விசாரித்துத் தண்டித்தது.

அறவியல் விவாதம்

திட்டத்தை ஆதரிப்போரின் வாதங்கள்:

* இவ்வல்லுநர்களை அமெரிக்கா சேர்த்திராவிட்டால் சோவியத் ஒன்றியம் சேர்த்திருக்கும்.
* சர்வாதிகார ஆட்சியில் கட்சி உறுப்புரிமை பெரும்பாலும் பணிக்கான நிபந்தனையாக இருந்தது. அதை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளி எனக் கூறமுடியாது.
* விண்வெளிப் பயணம் போன்ற சாதனைகள் மனித இனம் முழுமைக்கும் பயன்பட்டன.

எதிர்ப்போரின் வாதங்கள்:

* கொலைக்கும் அடிமை உழைப்புக்கும் துணைபோனவர், திறமை காரணமாகத் தண்டனையிலிருந்து தப்புவது சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற கொள்கைக்கு முரணானது.
* கோப்புகளைத் திருத்தியது, தன் குடியரசுத் தலைவரின் ஆணையையே ஓர் அரசு அமைப்பு மீறியதாகும்.
* பாதிக்கப்பட்டோர் நீதியை மட்டுமன்றி உண்மை பதிவாகும் உரிமையையும் இழந்தனர்.

ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் உட்படப் பலர் 1946 இறுதியிலேயே ட்ரூமனிடம் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே காலத்தில் அமெரிக்கா நூரம்பெர்க்கில் 23 பேர் மீது மருத்துவர் வழக்கை நடத்திக்கொண்டிருந்தது. 1947 ஆகத்தில் முடிவுற்ற அவ்வழக்கில் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மனிதர்கள் மீதான ஆய்வுக்கு அவர்களுடைய சுயவிருப்பம் இன்றியமையாதது என்னும் நூரம்பெர்க் நெறிமுறையும் அத்தீர்ப்பிலேயே வகுக்கப்பட்டது. ஒரே அரசு ஒருபுறம் இந்நெறியை வகுத்து, மறுபுறம் இஷீயின் குறிப்புகளை விலைபேசியதை விமர்சகர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

குற்றத்தின் மூலம் கிடைத்த தரவைப் பயன்படுத்தலாமா என்பது இதனுடன் தொடர்புடைய மற்றொரு கேள்வியாகும். டாக்கவ் குளிர்நீர்ச் சோதனைகளை ஆராய்ந்த ராபர்ட் பெர்கர், அவை அறிவியல் முறைப்படி நடத்தப்படாதவை, நம்பத்தகாதவை என 1990 இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். இதன்படி, பயன் கருதிக் குற்றத்தைப் பொறுக்கலாம் என்ற வாதம் சில வேளைகளில் பயன் என்ற அடிப்படையையே இழந்துவிடுகிறது.

வேறு சிலர், பணியமர்த்துவதையும் மன்னிப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கின்றனர். அறிவைப் பெற்றுக்கொண்ட பின்னரும் விசாரணை நடத்தியிருக்கலாம், குறைந்தது உண்மையைப் பொதுமக்களுக்கு வெளியிட்டிருக்கலாம் என்பது இவர்களின் நிலைப்பாடு.

பிற்காலம்

1980களில் பத்திரிகையாளர் லிண்டா ஹண்ட் முதலியோர் அரசு ஆவணங்களைப் பெற்று, கோப்புகள் திருத்தப்பட்டதை வெளிப்படுத்தினர். 1998 இல் நாசிப் போர்க்குற்றங்கள் தொடர்பான ஆவணங்களை வெளியிடுவதற்கான சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. 731ஆம் பிரிவின் உயிரியல் போர்முறை உண்மையே என 2002 இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும், சீனர்கள் கோரிய இழப்பீட்டை அது மறுத்துவிட்டது.

இவற்றையும் பார்க்க

* நூரம்பெர்க் விசாரணைகள்
* 731ஆம் பிரிவு
* வி-2 ஏவுகணை
* பனிப்போர்