ஒரு டாலர் விருந்து

லாஸ் வேகாஸில் பஃபே பிறந்ததே ஆளைப் பிடித்துவைக்கத்தான். 1941இல் திறந்த எல் ராஞ்சோ வேகாஸ் விடுதி, அந்தப் பத்தாண்டிலேயே, இரவுக் காட்சி முடிந்தும் கூட்டம் கலையாதிருக்க ஒரு டாலருக்கு வேண்டியமட்டும் சாப்பாடு போட்டது. நஷ்டத்தைச் சூதாட்ட மேசை ஈடுகட்டியது. மற்ற விடுதிகள் சும்மா இருக்குமா? அவையும் பஃபே வைத்தன. ஆனால் 2020 பெருந்தொற்றில் மூடிய பஃபேக்களில் பல மறுபடி திறக்கவேயில்லை. மிஞ்சியவை ஒரு டாலரை மறந்து வெகுகாலமாகிறது.

பஃபேக்குள் நுழைந்தால் நான் முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று வருவேன். பாத்திரங்கள் சிறியவையா, அடிக்கடி நிரப்புகிறார்களா? மாட்டிறைச்சியைக் கேட்ட பிறகு அரிகிறார்களா, முன்பே அரிந்து விளக்கடியில் காயவிட்டிருக்கிறார்களா? நண்டுக்கால் வரிசை வெறும் பகட்டு. சமையலறையைக் காட்டிக்கொடுப்பது சூப்தான். ரொட்டியும் பாஸ்தாவும் வாசலிலேயே குவிந்திருந்தால், மலிவில் வயிற்றை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று தாண்டிப் போய்விடுவேன்.