ஷீக் இசைக்குழு: பின்னட்டை சொல்லும் சாட்சி

நியூயார்க்கின் டிஸ்கோ குழுவான ஷீக் ஒரே இரவில் வீழ்ந்தது என்று டிஸ்கோ வரலாற்றில் பலர் எழுதுகிறார்கள். அந்த இரவு, 1979 ஜூலை 12. சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் டிஸ்கோவை எதிர்த்துப் பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததால் அன்றைய இரண்டு ஆட்டங்களில் இரண்டாவது நடக்கவே இல்லை. ஷீக்கும் அதோடு முடிந்ததா என்றறிய, அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு வாரப் பட்டியல்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன்.

முதல் தடயமே அந்தக் கதையை மறுத்தது. ஷீக்கின் 'குட் டைம்ஸ்' முதலிடம் பிடித்தது ஆகஸ்ட் 18 அன்று; அதாவது, வெடிப்புக்கு ஐந்து வாரம் கழித்து! அதற்கு முன்பே அவர்களின் 'லு ஃபிரீக்', 1978 டிசம்பரிலிருந்து முதலிடத்தை இழந்தும் மீட்டும், மொத்தம் மூன்று முறை அங்கே அமர்ந்திருக்கிறது.

சரிவு அதன் பிறகுதான். அடுத்த வாரமே 'மை ஷரோனா' என்ற ராக் பாட்டு மேலேறியது. ஷீக்கின் அடுத்த வெளியீடான 'மை ஃபர்பிடன் லவ்வர்' 43ஆம் இடத்தோடு நின்றது. பின்னர் அவர்களின் எந்தப் பாட்டும் அமெரிக்காவின் முதல் 40க்குள் நுழையவில்லை. டிஸ்கோ முத்திரை குத்தப்பட்ட குழுக்களை வானொலி நிலையங்கள் ஒதுக்கத் தொடங்கியிருந்தன. 1983இல் குழு கலைந்தது.

பட்டியலில் காணாமற்போனவர்களை இசைத்தட்டு உறைகளின் பொடியெழுத்தில் தேடினேன். 'குட் டைம்ஸ்' மெட்டின் மேல் எழுந்த 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாட்டுத் தட்டின் தொடக்கப் பிரதிகளில், அந்த மெட்டை எழுதிய ஷீக்கின் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் பெயர்கள் இல்லை. அவர்கள் உரிமை கோரிய பிறகே சேர்ந்தன. டயானா ராஸின் 1980 தொகுப்பை எழுதித் தயாரித்தவர்களும் இவர்கள்தாம். அதன் 'அப்சைடு டவுன்' முதலிடம் பிடித்தது. 1983இல் டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' தொகுப்பில் இணைத் தயாரிப்பாளர் ராட்ஜர்ஸ்.

மிக வலுவான தடயம் 1984இல் கிடைக்கிறது. மடோனாவின் 'லைக் எ விர்ஜின்' பாட்டில் கிட்டார் ராட்ஜர்ஸ், பேஸ் எட்வர்ட்ஸ், டிரம்ஸ் டோனி தாம்ப்சன். கலைந்துபோன ஷீக்கின் மூவர் ஒரே பாட்டில்!

எனவே என் முடிவு இது: வீழ்ந்தது ஷீக்கின் பெயர் மட்டுமே, அதன் இசை வீழவில்லை. டிஸ்கோவை வெறுத்தவர்களும் எண்பதுகள் முழுக்க அந்தத் தாளத்துக்கே ஆடினார்கள். பழைய இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தால், முன்னட்டைப் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பின்னட்டைப் பெயர்களையும் படியுங்கள்.