பிளாஸ்டிக் சுவரும் ஒரு சொட்டு ரத்தமும்

இன்றைய எபிசோடு ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குது. விண்வெளி வீரர் மாதிரி வெள்ளை உடை போட்ட ஒரு சின்னப் பையன். 1977-ல் நாசா அவனுக்காகவே தயாரித்துக் கொடுத்த உடை அது. நானும் சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்து, "அடேங்கப்பா, அறிவியல் எவ்வளவு வளர்ந்துடுச்சு"ன்னுதான் நினைச்சேன். அந்த உடை இல்லாமல் அவனால் வெளியே ஒரு அடிகூட வைக்க முடியாது என்பது அப்போ எனக்குத் தெரியாது.

அவன் பெயர் டேவிட் வெட்டர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்காரன். அவன் கதைக்குப் போகும் முன்னால் ஒரு 20 வருஷம் பின்னால் போவோம்.

1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரிடம் வந்த 8 வயதுப் பையனுக்குத் திரும்பத் திரும்ப ரத்தத்தில் கிருமித் தொற்று. ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் கருவி அப்போதுதான் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தது. அதில் பார்த்தால், காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கிருமியோடு சண்டை போடும் எதிர்ப்புப் புரதங்கள் இருப்பது அந்தப் பகுதியில்தான். இல்லாததை ஊசி மூலம் மாதாமாதம் கொடுத்தார். பையன் தேறிவிட்டான். நோய் எதிர்ப்புச் சக்தியே பிறவியில் குறையலாம், குறைந்ததை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்று மருத்துவ உலகத்துக்குக் காட்டிய சம்பவம் இது.

ஆனால் டேவிட்டுக்கு இருந்தது இதைவிடக் கொடுமையானது. 'ஸ்கிட்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதில் எதிர்ப்புப் புரதம் மட்டும் இல்லை, மொத்தப் படையையும் வழிநடத்தும் டி செல்களே உருவாகாது. சாதாரண சளிகூட உயிரை எடுத்துவிடும். டேவிட்டின் அண்ணன் இதே நோயால் 7 மாதக் குழந்தையாக இறந்துபோயிருந்தான். தாயிடமிருந்து வரும் இந்த வகை ஸ்கிட், பிறக்கும் ஆண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வர வாய்ப்புண்டு. அதனால் டேவிட் வயிற்றில் இருக்கும்போதே மருத்துவர்கள் தயாராகிவிட்டார்கள்.

1971 செப்டம்பர் 21. ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை மூலம் பிறந்த குழந்தை, சில நொடிகளில் கிருமி இல்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைக்கப்பட்டது. ஞானஸ்நானத் தண்ணீர்கூடக் கிருமி நீக்கியதுதான். உணவு, துணி, பொம்மை எதுவும் சுத்திகரிக்காமல் உள்ளே போகாது. சுவரில் பொருத்திய ரப்பர் கையுறைக்குள் கையை விட்டுத்தான் அம்மா பிள்ளையைத் தொட முடியும்.

மருத்துவர்களின் கணக்கு என்ன? அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்தும், அதை மாற்றி வைத்தால் சரியாகிவிடும் என்பதுதான். அது வெறும் ஆசை இல்லை. 1968-ல் மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர், ஒரு ஸ்கிட் குழந்தைக்கு அவன் சகோதரியின் மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றியிருந்தார்கள். ஆனால் டேவிட்டின் அக்காவுடைய மஜ்ஜை பொருந்தவில்லை. தற்காலிகமாக வைத்த கூடு, 12 வருஷ வீடாக மாறியது.

பொருந்தாத மஜ்ஜையைச் சுத்திகரித்துச் செலுத்தும் முறை 1980-களின் தொடக்கத்தில் வந்தது. 1983 அக்டோபரில் அக்காவின் மஜ்ஜையை டேவிட்டுக்குச் செலுத்தினார்கள். அதில் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் ஒளிந்திருந்தது. நம்மில் பெரும்பாலானோர் உடலில் சும்மா கிடக்கும் வைரஸ்தான் அது. எதிர்க்க ஆள் இல்லாத உடலில் அது புற்றுநோயை உண்டாக்கிவிட்டது. 1984 பிப்ரவரியில் சிகிச்சைக்காக அவனை வெளியே எடுத்தார்கள். அம்மாவின் கை முதன்முறையாக அவன் தோலில் பட்டது அப்போதுதான். பிப்ரவரி 22-ம் தேதி அவன் இறந்துபோனான்.

இது தோல்விக் கதையா? நான் இந்த எபிசோடுக்காகப் படிக்கப் படிக்க, அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அவனைப் பாதித்த மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா பக்லி, 1982 முதல் 1998 வரை மஜ்ஜை மாற்றிய 89 குழந்தைகளின் கணக்கை 1999-ல் வெளியிட்டார். பெரும்பாலானவர்களுக்குப் பாதி மட்டுமே பொருந்திய மஜ்ஜை. பிறந்து 28 நாளுக்குள் சிகிச்சை கிடைத்த 22 பேரில் 21 பேர் பிழைத்திருந்தார்கள்! ஆக, கூடு முக்கியமில்லை. நாள்தான் முக்கியம். தொற்று வரும் முன்னால் நோயைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தையல் கடையில் துணி வெட்டினால் தரையில் துண்டுத் துணி விழும் இல்லையா? டி செல் உருவாகும்போதும் அப்படித்தான், டி.என்.ஏ.-வை வெட்டி ஒட்டும். வெட்டிய துண்டு சின்ன வளையமாக மிஞ்சும். குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் அந்த வளையங்களை எண்ணலாம். துண்டே இல்லை என்றால், உள்ளே தையல் வேலையே நடக்கவில்லை என்று அர்த்தம். ஜெனிஃபர் பக் முன்னெடுத்த இந்தச் சோதனையை, 2008-ல் விஸ்கான்சின் மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்கியது. 2018-க்குள் அமெரிக்கா முழுக்க வந்துவிட்டது. அங்கே சுமார் 58,000 குழந்தைகளில் ஒருவருக்கு ஸ்கிட் இருப்பதும் இதனால்தான் தெரியவந்தது.

இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை செய்யும் தேசியத் திட்டம் கிடையாது. இங்கே பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போடுகிறோம். நம்மில் பலர் இடது தோளில் அந்தத் தழும்பு இருக்கும். மற்றக் குழந்தைகளுக்கு அது காசநோயிலிருந்து பாதுகாப்பு, கட்டாயம் போட வேண்டியது. ஆனால் அதில் இருப்பது வலுக்குறைந்த உயிருள்ள கிருமி. ஸ்கிட் குழந்தையின் உடலில் அது பரவிவிடலாம்.

அதனால் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு கைக்குழந்தை தொடர் தொற்றால் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். "அது விதி"ன்னு விட்டுவிடாதீங்க. டேவிட் பிறக்கும் முன்பே மருத்துவர்கள் தயாராக இருந்ததும், அப்படி ஒரு அண்ணன் இருந்ததால்தான்.